வரிசையில் மூன்றாவது ஆள்: மா லாங்கின் இருபது ஆண்டுகள்

2021 ஜூலை 27. டோக்கியோ ஒலிம்பிக்கில் டேபிள் டென்னிஸ் ஆண்கள் ஒற்றையர் மூன்றாவது சுற்று. ஒரு பக்கம் நம்ம சென்னையின் சரத் கமல், வயது 39. எதிரே ஒலிம்பிக் சாம்பியன் மா லாங், வயது 32. முதல் கேம் 11-7 என்று சீனப் பக்கம் போனது. அது எல்லோரும் எதிர்பார்த்ததுதான். இரண்டாவது கேமை சரத் 11-8 என்று பறித்தபோதுதான் வீட்டில் டிவி முன்னால் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தோம். மூன்றாவது கேமில் இருவரும் 11-11 வரை ஒட்டிக்கொண்டே போனார்கள். அடுத்த இரண்டு புள்ளியையும் மா லாங் எடுத்தார். அதற்குப் பிறகு 11-4, 11-4. கதை முடிந்தது.

அந்தக் கடைசி இரண்டு கேம்களைத் திரும்பப் பார்த்தால் ஒன்று புலப்படும். மா லாங் கூடுதல் வேகத்தில் அடித்ததாகத் தெரியவில்லை. சரத்துக்குப் பிடித்த உயரத்தில், பிடித்த நீளத்தில் பந்து வருவது நின்றுபோனது, அவ்வளவுதான். சரத்தின் பலம் முதல் அடியிலேயே புள்ளியை முடிக்கும் ஃபோர்ஹேண்ட், அதாவது மட்டை பிடித்த கையின் பக்கம் அடிக்கும் அடி. அதற்கு இடம் கொடுக்காமல் பந்தை வலைக்குப் பக்கத்திலேயே குட்டையாக வைத்து, அவர் குனிந்து எடுத்ததும் அடுத்த பந்தை உடம்புக்கு நேராகவோ தூரத்து மூலைக்கோ அனுப்பினார் மா லாங். மூன்று கேம் ஆடிப் பார்த்து, எதிராளியை முழுதாகப் படித்து முடித்துவிட்ட ஆளின் ஆட்டம் அது.

இந்த மனிதரை டேபிள் டென்னிஸ் வரலாற்றிலேயே ஆகச் சிறந்தவர் என்று சொல்ல இன்றைக்குப் பலர் தயங்குவதில்லை. 6 ஒலிம்பிக் தங்கம். உலகத் தரவரிசையில் மொத்தம் 64 மாதங்கள் முதலிடம். ஒற்றையர் உலகப் பட்டம் தொடர்ந்து மூன்று முறை. இந்தப் பட்டியலை மட்டும் பார்த்தால், பிறந்ததிலிருந்தே ஜெயித்துக்கொண்டிருந்தவர் என்று தோன்றும். உண்மையில் 26 வயது வரை மா லாங்குக்கு இருந்த பெயர் வேறு: சாதாரணப் போட்டிகளில் யாரையும் வீழ்த்துவார், பெரிய மேடையில் வழுக்கி விழுவார். அந்தப் பெயர் எப்படி வந்தது, எப்படிப் போனது என்பதைப் புரிந்துகொள்ள, சீன அணிக்குள் இருக்கும் வரிசையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஆண்கள் ஒற்றையரில் தங்கம் மா லின், வெள்ளி வாங் ஹாவ், வெண்கலம் வாங் லிச்சின். மூவரும் சீனர்கள். பெண்களிலும் அதே கதைதான்: ஜாங் யினிங், வாங் நான், குவோ யுவே. மேடையில் மூன்று கொடிகளும் ஒரே கொடி. சீன ரசிகர்களுக்கு இனித்தது, விளையாட்டை நடத்துபவர்களுக்குக் கசந்தது. 2012 லண்டனிலிருந்து ஒரு நாட்டுக்கு ஒற்றையரில் இரண்டு பேர்தான் என்று ஆகிவிட்டது. குழு ஆட்டத்துக்கு மூன்று பேர்.

இந்த விதியால் சீனாவின் ஆதிக்கம் குறைந்ததா என்றால், பெரிதாக இல்லை. ஆனால் அணிக்குள் நிலைமை மாறியது. உலகின் முதல் ஐந்து பேரில் மூன்று நான்கு பேர் ஒரே பயிற்சிக் கூடத்தில் இருக்கும்போது, அதில் மூன்றாவதாக இருப்பவர் ஒலிம்பிக் ஒற்றையருக்குப் போக முடியாது. ஜெர்மனியிலோ ஜப்பானிலோ பிறந்திருந்தால் பதக்கத்துக்கு ஆடியிருப்பார். சீனாவில் அவர் குழு ஆட்டத்துக்கு மட்டும் உடை மாற்றுவார். ஒலிம்பிக் தங்கத்தைவிட சீன அணிக்குள் இடம் பிடிப்பதுதான் கஷ்டம் என்று டேபிள் டென்னிஸ்காரர்கள் சொல்வது கொஞ்சம் மிகையாக இருக்கலாம். முழுப் பொய் என்று சொல்ல முடியாது.

அந்த வரிசையில் ரொம்ப நாள் மூன்றாவதாக நின்றவர்தான் மா லாங்.

பிறந்தது 1988 அக்டோபர் 20, வடகிழக்குச் சீனாவின் லியாவ்னிங் மாகாணத்தில் ஆன்ஷான் நகரம். இரும்பு ஆலைக்குப் பேர்போன ஊர். ஆனால் டேபிள் டென்னிஸ் ஆட்களுக்கு அது வேறு ஒரு உலை. பெண்கள் உலக சாம்பியனான குவோ யுவே, ஒலிம்பிக், உலகப் பட்டம் இரண்டையும் வென்ற லி சியாவ்சியா இருவரும் அதே ஆன்ஷான், அதே 1988. ஒரே ஊரில் ஒரே ஆண்டில் மூன்று உலக சாம்பியன்கள்! பெயரில் ஒரு வேடிக்கையும் உண்டு. சீனத்தில் 'மா' என்றால் குதிரை, 'லாங்' என்றால் டிராகன். நம் பழந்தமிழிலும் மா என்றால் குதிரைதான். தற்செயல்தான், ஆனாலும் அவர் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

ஐந்து வயதில் மட்டையைப் பிடித்தார். சிறுவனாகவே வீட்டை விட்டு பெய்ஜிங்குக்குப் பயிற்சிக்குப் போனார். 2003இல் தேசிய அணி. 2004இல் ஜப்பானின் கோபேயில் ஜூனியர் உலகப் பட்டம். 2006இல் ஜெர்மனியின் பிரேமன் நகரில் உலகக் குழுப் போட்டியில் தங்கம் வென்ற சீன அணியில் அவரும் ஒருவர், அப்போது 17 வயது. இதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. 'அடுத்த ஆள் இவன்தான்' என்று எல்லோரும் சொன்னார்கள். அப்படி ஒருவரைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுவது சில சமயம் பெரிய சுமையாகிவிடும்.

2009, யோகோஹாமா உலகப் போட்டி. அரையிறுதியில் நான்கு பேருமே சீனர்கள். மா லாங் வாங் ஹாவிடம் தோற்றார். சரி, இருபது வயதுப் பையன், இன்னும் காலம் இருக்கிறது. 2011, ராட்டர்டாம். அரையிறுதி, மறுபடியும் வாங் ஹாவ், மறுபடியும் தோல்வி. 2013, பாரிஸ். அரையிறுதி. எதிரே யார் என்று சொல்ல வேண்டியதே இல்லை. மூன்றாவது முறையும் அதே சுற்றில் அதே ஆளிடம் தோற்று வெளியே வந்தார்.

வாங் ஹாவ் யார் என்று இங்கே நின்று சொல்லியாக வேண்டும். மட்டையைப் பேனா பிடிப்பதுபோலப் பிடித்து ஆடுபவர். பழைய பேனாப் பிடி ஆட்டக்காரர்கள் மட்டையின் ஒரே முகத்தால்தான் இரண்டு பக்கமும் அடிப்பார்கள். பேக்ஹேண்ட் பக்கம், அதாவது மட்டை பிடித்த கைக்கு எதிர்ப்பக்கம், அவர்களுக்கு ஓட்டைதான். பின்முகத்திலும் ரப்பர் ஒட்டி, மணிக்கட்டைத் திருப்பி அந்த முகத்தால் அடிக்கும் முறையை ஒரு முழு ஆயுதமாக ஆக்கியவர்களில் வாங் ஹாவ் முக்கியமானவர். ஓட்டை அடைபட்டுவிட்டது. ஆனால் அவருடைய விதியும் விசித்திரமானது: ஒலிம்பிக் ஒற்றையரில் மூன்று முறை இறுதிக்குப் போய் மூன்று முறையும் வெள்ளி. 2004இல் கொரியாவின் ரியூ சுங்மின்னிடம், 2008இல் மா லின்னிடம், 2012இல் ஜாங் ஜிக்கேயிடம். மா லாங்குக்கு வழிவிடாமல் நின்றவருக்கு வேறு யாரோ வழிவிடவில்லை.

அந்த ஜாங் ஜிக்கே மா லாங்கின் வயதுக்காரர். பிரேசில் கால்பந்து வீரர் ஜிக்கோவின் நினைவாக அப்பா வைத்த பெயர் அது. இவர் 2011இல் உலகப் பட்டம், அதே ஆண்டு உலகக் கோப்பை, 2012இல் ஒலிம்பிக் தங்கம் என்று மூன்றையும் 445 நாட்களில் முடித்துவிட்டார். மூன்றும் சேர்ந்தால் 'கிராண்ட் ஸ்லாம்' என்பார்கள். அதற்கு முன் அதைச் செய்த ஆண்கள் மூவர்தான்: சுவீடனின் வால்ட்னர், சீனாவின் லியூ குவோலியாங், கோங் லிங்ஹுய். அடுத்த ஆள் என்று மா லாங்கைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்றவர் ஓடிப்போய் எடுத்துக்கொண்டார்.

2010 மாஸ்கோவில் நடந்ததும் இந்தக் கணக்கில் சேரும். உலகக் குழுப் போட்டியின் இறுதியில் ஜெர்மனியின் தீமோ போலிடம் மா லாங் தோற்றார். மற்றவர்கள் மீதியை வென்று சீனா தப்பியது. அணிக்கு ஆபத்தில்லை, ஆனால் மா லாங்கின் பெயர் பக்கத்தில் ஒரு குறி விழுந்துவிட்டது. லண்டன் ஒலிம்பிக் ஒற்றையருக்கு ஜாங் ஜிக்கேயும் வாங் ஹாவும் போனார்கள். மா லாங் குழு ஆட்டத்துக்கு மட்டும். கொரியாவுக்கு எதிரான இறுதியில் முதல் ஆட்டத்திலேயே ரியூ சுங்மின்னை வென்று கொடுத்தார், சீனாவுக்குத் தங்கம், அவர் கழுத்திலும் ஒன்று. ஊர்க்காரிகளான குவோ யுவேயும் லி சியாவ்சியாவும் 2013க்குள் ஒற்றையர் உலகப் பட்டம் பார்த்துவிட்டார்கள். ஆன்ஷானின் மூன்றாவது ஆள் இன்னும் பார்க்கவில்லை.

மனம்தான் காரணம் என்று எல்லோரும் எளிதாகச் சொல்லிவிட்டார்கள். நெருக்கடியில் கை இறுகிவிடுகிறது, தைரியம் போதாது என்றெல்லாம். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் அவர் ஆட்டத்தின் அமைப்பிலேயே ஒரு காரணம் இருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதற்கு ரப்பரைப் பற்றிப் பேச வேண்டும்.

சின்ன வயதில் எங்கள் ஊர் மனமகிழ் மன்றத்தில் ஒரு டேபிள் டென்னிஸ் மேசை இருந்தது. நடுவில் கொஞ்சம் உப்பியிருக்கும். மட்டைகளில் பாதிக்கு ரப்பரே கிடையாது, வெறும் பலகை. 'டொக் டொக்' என்று அடித்து ஆடினோம். ரப்பர் இல்லாத மட்டையில் சுழல் இல்லை. சுழல் இல்லாவிட்டால் அது வேறு விளையாட்டு. இன்றைய சர்வதேச ஆட்டத்தில் பந்தின் எடை 2.7 கிராம், மேசை 2.74 மீட்டர் நீளம். இவ்வளவு சின்ன இடத்தில் இவ்வளவு லேசான பந்தை முழு பலத்தோடு அடித்தும் அது மேசையிலேயே விழுகிறது என்றால், முன்னோக்கிச் சுழன்றுகொண்டே போவதால்தான். டாப்ஸ்பின் பந்தைக் கீழே அழுத்துகிறது.

சீன வீரர்களின் ஃபோர்ஹேண்ட் பக்கம் பெரும்பாலும் ஒட்டும் தன்மையுள்ள கறுப்பு ரப்பர். மா லாங்கின் கையில் இருந்த 'ஹரிக்கேன் 3' அந்த வகை. மேல்தோல் பிசுபிசுவென்று இருக்கும். பந்தை அதன்மேல் அழுத்திவிட்டு மட்டையைக் கவிழ்த்தால் பந்து சில நொடி தொங்கிக்கொண்டிருக்கும். அடியில் இருக்கும் ஸ்பாஞ்ச் கல்போலக் கெட்டி. ஐரோப்பியர்கள் விரும்பும் ரப்பர் வேறு மாதிரி: ஸ்பிரிங் மாதிரி தானே எகிறும், சின்ன அசைவுக்கே பந்து பறக்கும். சீன ரப்பர் அப்படித் தானாக எதையும் தராது. சும்மா தொட்டால் செத்துப்போன பந்துதான் போகும். காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, தோளிலிருந்து முழுக் கையையும் வீசினால் மட்டும் அது கொடுக்கும். கொடுத்தால் எதிராளி அதைத் தடுக்கவே திணறுவார். மா லாங்கின் ஃபோர்ஹேண்ட் அப்படிப்பட்டது. கிட்டத்தட்ட நீட்டிய கையோடு, கீழே பின்னாலிருந்து வரும் வீச்சு. அந்த வீச்சுக்கு நேரம் வேண்டும், நிற்க இடம் வேண்டும். கால்கள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதில்தான் சிக்கல். அதே காலகட்டத்தில் சர்வீஸை எதிர்கொள்ளும் முறை மாறிக்கொண்டிருந்தது. குட்டையான சர்வீஸுக்கு மெதுவாகத் தள்ளிப் பதில் கொடுப்பதுதான் பழைய வழக்கம். ஜாங் ஜிக்கே அதை மாற்றினார். மேசைக்குள் குனிந்து, மணிக்கட்டை உள்ளே மடக்கி, பேக்ஹேண்டால் பக்கவாட்டில் சுழற்றி அடிப்பார். மட்டை போகும் பாதை வளைந்து வாழைப்பழம் போல இருப்பதால் அதற்கு 'வாழைப்பழ ஃபிளிக்' என்றே பெயர். இதை அவர் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அவர் கையில்தான் அது அடிப்படை ஆயுதம் ஆனது. சர்வீஸ் போட்டவரே அடுத்த நொடி தற்காப்புக்குப் போக வேண்டிய நிலை. மா லாங்கின் பேக்ஹேண்ட் நல்ல பேக்ஹேண்ட்தான், ஆனால் ஃபோர்ஹேண்டுக்கு ஏற்பாடு செய்து கொடுக்கும் வேலையாள் மாதிரி இருந்தது. சாதாரண எதிராளியிடம் அது போதும். உலக அரையிறுதியில் வாங் ஹாவிடம் போதவில்லை. பெரிய மேடையில் மட்டும் தோற்பதற்கு மனம் பாதிக் காரணம் என்றால், அங்கே மட்டும்தான் தன் ஓட்டையைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்களைச் சந்தித்தார் என்பது மீதிப் பாதி.

2013க்குப் பிறகு அவரும் பயிற்சியாளர் சின் ஜிஜியானும் பேக்ஹேண்டை வேலையாள் நிலையிலிருந்து உயர்த்தினார்கள். மேசையை ஒட்டி நின்று, அதிக வீச்சில்லாமல், எதிராளி அனுப்பிய வேகத்தையே திருப்பி அனுப்பும் பேக்ஹேண்ட். அதிரடியாக ஒன்றும் தெரியாது, ஆனால் ஓட்டை இல்லை. சீனப் பயிற்சியின் பாணியே இதுதான். பயிற்சியாளர் பக்கத்தில் ஒரு தொட்டி நிறையப் பந்து. ஒன்றன்பின் ஒன்றாக மட்டையால் தட்டி அனுப்பிக்கொண்டே இருப்பார். ஆட்டக்காரர் மூச்சுவிடாமல் ஒரே அடியை நூற்றுக்கணக்கில் அடிக்க வேண்டும். முக்கியமான வெளிநாட்டு எதிராளியின் பாணியை அப்படியே நகல் எடுத்து ஆடுவதற்கென்றே அணியில் ஆட்கள் இருப்பார்கள். அவர்கள் பெயர் எந்தப் பதக்கப் பட்டியலிலும் வராது.

பந்தும் அவருக்குச் சாதகமாக மாறியது. 2014இல் செல்லுலாய்டு போய் பிளாஸ்டிக் வந்தது. செல்லுலாய்டு எளிதில் தீப்பிடிக்கும் பொருள் என்பதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. புதிய பந்து ஒரு சொட்டுப் பெரிது, சுழலும் கொஞ்சம் குறைவு. சுழல் குறைந்தால் ஒரே அடியில் புள்ளி முடியாது. நீண்ட ஆட்டமாகப் போகும். இரண்டு பக்கமும் உறுதியாக, உடல்வலுவோடு, அசராமல் நிற்பவருக்கு அது லாபம். வாழைப்பழ ஃபிளிக்கின் விஷமும் கொஞ்சம் இறங்கியது. பலர் பந்து மாறியதைச் சபித்துக்கொண்டிருந்த நேரத்தில் மா லாங் ஏற ஆரம்பித்தார்.

2015 சுஜோ. சொந்த நாட்டு மண்ணில் உலகப் போட்டி. எதிர்ப்பக்க அரையிறுதியில் ஃபாங் போ என்ற, பெரிதாக யாரும் எதிர்பார்க்காத சீன வீரர் ஜாங் ஜிக்கேயை வீழ்த்தினார். இறுதியில் மா லாங் ஃபாங் போவை 4-2 என்று வென்றார். வென்றதும் மேசைமேல் ஏறிக் கத்தினார். இதை ஏன் சொல்கிறேன் என்றால் அவர் அப்படிப்பட்ட ஆளே இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு உலகக் கோப்பையை வென்ற மகிழ்ச்சியில் விளம்பரத் தடுப்புகளை உதைத்து உடைத்து, பரிசுப் பணம் முழுவதையும் இழந்தவர் ஜாங் ஜிக்கே. மா லாங் புள்ளி எடுத்தால் கையைக் கொஞ்சம் மடக்குவார், வலைக்குப் பக்கத்தில் மேசையில் உள்ளங்கை ஈரத்தைத் துடைப்பார், அடுத்த சர்வீஸுக்குப் போய்விடுவார். அப்படிப்பட்டவர் மேசையேறினார் என்றால் மூன்று அரையிறுதியும் சேர்ந்து ஏறியிருக்கின்றன என்று அர்த்தம்.

அதே ஆண்டு உலகக் கோப்பையும் வந்தது. 2016 ரியோவில் நாலாவது சுற்றில் கொரியாவின் ஜுங் யங்சிக்கிடம் முதல் இரண்டு கேமையும் கோட்டைவிட்டார். பழைய மா லாங் என்றால் அங்கேயே முடிந்திருக்கும் என்று நினைத்தவர்கள் இருந்திருப்பார்கள். 4-2 என்று திரும்பி வந்தார். இறுதியில் எதிரே ஜாங் ஜிக்கே, 4-0. கைகளால் இதய வடிவம் காட்டி ஒரு சிரிப்பு. கிராண்ட் ஸ்லாம் முடித்த ஐந்தாவது ஆண்.

2017 டுசெல்டார்ஃப் உலகப் போட்டியின் இறுதி, எதிரே எட்டு வயது இளையவரான ஃபான் ஜென்டாங். ஏழாவது கேம் 12-10. டேபிள் டென்னிஸ் என்றால் என்னவென்று தெரியாத ஒருவருக்கு ஒரே ஒரு ஆட்டம் காட்டச் சொன்னால் நான் அதைத்தான் காட்டுவேன். அதற்கு அடுத்த சில வாரங்களில் நடந்தது ஆட்டத்துக்கு வெளியே. தலைமைப் பயிற்சியாளர் லியூ குவோலியாங்கை அந்தப் பொறுப்பிலிருந்து எடுத்து, சங்கத்தில் ஒரு துணைத் தலைவர் பதவியைக் கொடுத்தார்கள். ஜூன் மாதம் செங்டுவில் நடந்த சீன ஓபனில் மா லாங், சூ சின், ஃபான் ஜென்டாங் மூவரும் தங்கள் ஆட்டத்துக்கு வரவே இல்லை. சீன அரசு விளையாட்டு அமைப்பில் இப்படி ஒன்று நடப்பது எவ்வளவு அபூர்வம் என்பதை விளக்கத் தேவையில்லை. பிறகு அணி சார்பில் மன்னிப்புக் கேட்கப்பட்டது. அடுத்த ஆண்டு இறுதியில் லியூ சங்கத்தின் தலைவராகவே திரும்பி வந்தார். வாய் திறந்து அதிகம் பேசாத அணித் தலைவர், வராமல் இருப்பதன் மூலம் பேசினார் என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் முழங்கால். கால்களை நம்பி ஆடும் ஆட்டக்காரருக்கு வரக் கூடாத இடத்தில் வந்த காயம். பல மாதங்கள் போட்டிகள் பக்கமே வரவில்லை, தரவரிசை சரிந்தது. 2019 புடாபெஸ்ட் உலகப் போட்டிக்கு அவர் வந்தது 11ஆம் நிலை வீரராக. உலக சாம்பியனுக்கு முன்னால் பத்துப் பேர்! இறுதியில் சுவீடனின் மத்தியாஸ் ஃபால்க்கை 4-1 என்று வென்றார். ஃபால்க் ஃபோர்ஹேண்டில் முள்முள்ளான ரப்பர் வைத்து ஆடுபவர், பந்து தட்டையாக விழுந்து வரும், பழக்கமில்லாதவர்கள் தடுமாறிவிடுவார்கள். தொடர்ந்து மூன்று முறை ஒற்றையர் உலகப் பட்டம் என்பதை அதற்கு முன் கடைசியாகச் செய்தவர் ஜுவாங் ஸெடோங், 1961, 1963, 1965இல். 1971இல் அமெரிக்க வீரர் ஒருவரிடம் தயங்காமல் போய்ப் பேசி, ஒரு பட்டுத் துணி ஓவியத்தைப் பரிசளித்து, 'பிங்பாங் ராஜதந்திர'த்துக்குக் கதவு திறந்த அதே ஜுவாங். இடையில் 54 ஆண்டுகள்.

டோக்கியோவில் சரத்தைத் தாண்டியபிறகு அவருக்கு உண்மையான சோதனை அரையிறுதியில் வந்தது. ஜெர்மனியின் திமித்ரி ஒவ்சரோவ். மா லாங்கை அதுவரை ஒருமுறைகூட வென்றிராதவர், அன்றைக்கு ஏழு கேம் வரை இழுத்தார், ஏழாவதில் தோற்றார், தரையில் உட்கார்ந்து அழுதார். முந்தைய நாட்களில் கலப்பு இரட்டையர் தங்கத்தை ஜப்பானின் மிசுதானி – இதோ ஜோடியிடம் சீனா இழந்திருந்தது. அதனால் அழுத்தம் இரட்டிப்பு. இறுதியில் ஃபான் ஜென்டாங்கை 4-2 என்று வென்று, ஒலிம்பிக் ஒற்றையர் தங்கத்தைத் தக்கவைத்த முதல் ஆண் ஆனார். அந்த நாட்களில் ஜப்பானியத் தொலைக்காட்சி ஒன்று வீரர்களின் திறமையை அறுகோண வரைபடமாகக் காட்டியது. வேகம், தற்காப்பு, அனுபவம் என்று ஒவ்வொரு முனைக்கும் ஒரு மதிப்பெண். மற்றவர்களுக்கெல்லாம் எங்காவது ஒரு பக்கம் உள்ளே ஒடுங்கியிருக்கும். மா லாங்குக்கு மட்டும் அறுகோணம் முழுதாக நிரம்பியிருந்தது. 'அறுகோண வீரன்' என்பது சீன இணையத்தில் அன்றாடச் சொல்லாகவே ஆகிவிட்டது. எல்லாம் தெரிந்த ஆளை, சமையல் முதல் கணக்கு வரை எதையும் சமாளிப்பவரை, இப்போது அப்படித்தான் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் ஒரே ஒரு முனை ஒடுங்கியிருந்ததற்காக மூன்று முறை வெளியே வந்தவருக்கு இந்தப் பெயர்.

வயது 35ஐத் தொட்டபிறகு முடிவு நெருங்கிவிட்டது என்றுதான் எல்லோரும் கணக்குப் போட்டார்கள். 2024 ஏப்ரலில் மக்காவ் உலகக் கோப்பை இறுதியில் லின் காவ்யுவானிடம் 0-3 என்று பின்தங்கினார். அடுத்த நாலு கேமையும் அவரே எடுத்தார்.

ஆனாலும் பாரிஸ் ஒலிம்பிக் ஒற்றையர் இடம் இரண்டும் ஃபான் ஜென்டாங்குக்கும் வாங் சுச்சினுக்கும்தான். மா லாங் மூன்றாவது ஆள். லண்டனில் எங்கே தொடங்கினாரோ அங்கேயே பன்னிரண்டு ஆண்டு கழித்து வந்து நின்றார். இந்த முறை யாரும் அதைக் குறையாகப் பார்க்கவில்லை. தொடக்க விழாவில் சேன் ஆற்றில் சீனப் படகில் கொடி பிடித்துச் சென்ற இருவரில் ஒருவர் அவர். அதே ஆற்றில் இந்தியப் படகில் சிந்துவோடு கொடி பிடித்தவர் சரத் கமல். டோக்கியோவில் எதிரெதிரே நின்ற இருவரும் மழையில் நனைந்தபடி ஆளுக்கொரு கொடியோடு போனார்கள். அடுத்த சில நாட்களில் குழு ஆட்டத்தில் இந்தியா – சீனா மோதி, 0-3 என்று நாம் தோற்றோம். முதலில் வந்த இரட்டையர் ஆட்டத்தில் ஹர்மீத் தேசாய், மானவ் தக்கர் ஜோடியை எதிர்த்து மா லாங்கும் வாங் சுச்சினும்.

வாங் சுச்சினுக்கு அந்த ஒலிம்பிக்கில் நடந்தது தனிக் கதை. கலப்பு இரட்டையரில் தங்கம் வென்ற சந்தோஷத்தில் இருக்கும்போது, படம் எடுக்கக் கூடியவர்களின் நெரிசலில் அவருடைய மட்டை மிதிபட்டு உடைந்தது. மாற்று மட்டையோடு ஒற்றையரில் இறங்கி சுவீடனின் மோரேகோர்டிடம் தோற்று வெளியேறினார். மட்டை மாறியதால் தோற்றாரா என்பதை யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் ரப்பர் ஒட்டிய மட்டையின் பாரம் ஒரு கிராம் மாறினாலும் கைக்குத் தெரியும் அளவில் ஆடுபவர்கள் இவர்கள். குழு ஆட்டத்தின் இறுதியில் எதிரே அதே சுவீடன். இளையவர் பக்கத்தில் மா லாங்.

அந்த இறுதியில் அவர் ஆடியது முதல் ஆட்டமான இரட்டையர் மட்டும். அதை வென்று கொடுத்துவிட்டு வந்தார். ஃபானும் வாங்கும் மற்ற இரண்டையும் முடித்தார்கள், 3-0. ஆறாவது ஒலிம்பிக் தங்கம். எந்த விளையாட்டிலும் எந்தச் சீன வீரரும் அதுவரை தொடாத எண். சீன அணியின் பெஞ்சில் அன்று தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் வாங் ஹாவ்.